தமிழ் வலைப்பதிவில் விளம்பர வருமானம்: முதல் பதிவிலிருந்து வங்கிக் கணக்கு வரை

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் சர்வீஸ் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அந்த எட்டு வருடமும் கடை ஃபோனில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்ண்ணா, மோட்டாரு போட்டு ஒரு நிமிஷத்துல ட்ரிப் ஆயிருதுங்க, என்ன பண்றதுங்ண்ணா?" கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா, வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா என்று நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019இல் ஒரு நாள் ராத்திரி அந்தப் பதிலை அப்படியே எழுதி, பேனல் பெட்டியின் நான்கு புகைப்படங்களோடு வலைப்பதிவில் போட்டேன். இன்றைக்கும் தினமும் அந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறது. பம்ப், ஸ்டார்ட்டர், சோலார் கம்பெனிகளின் விளம்பரங்கள் அதில் ஓடுகின்றன. இப்போது எங்கள் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இந்த மாதிரிப் பக்கங்களிலிருந்துதான் வருகின்றன.

எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நான் நடந்து வந்த வழியை வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மோட்டார் பம்பைப் பற்றியே இருக்கும், எனக்குத் தெரிந்த தொழில் அது. நீங்கள் படிக்கும்போது அந்த இடத்தில் உங்கள் தொழிலை வைத்துப் பாருங்கள்.

காசு எங்கிருந்து வருகிறது

இந்த அடிப்படை புரியாமல் தொடங்குபவர்கள்தான் ஆறே மாதத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

விளம்பரம் கொடுப்பவர் கூகுளுக்குப் பணம் கட்டுகிறார். கூகுள் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை, விளம்பரத்துக்கு இடம் கொடுத்த நமக்குத் தருகிறது. இந்த ஏற்பாட்டின் பெயர் ஆட்சென்ஸ். 2003இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு அது அதிகாரபூர்வமாக வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு, பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வழியாக வாசகர்கள் குவிந்த காலத்தில்கூட, தமிழில் எழுதியவர்களுக்கு விளம்பரக் காசு கைக்கு எட்டவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வலைப்பதிவைக் காட்டி அனுமதி வாங்கி, அந்த விளம்பரத்தைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. விதிக்கு மாறானது என்பதால் அந்தக் கணக்குகள் நிலைக்கவில்லை.

வாசகர் பக்கத்தைத் திறக்கும் அந்தக் கண நேரத்தில், அங்கே இருக்கும் விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்கிறது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, படிப்பவர் எந்த ஊர், எந்தக் கருவி, இதற்கு முன் எதைத் தேடினார் என்பதையெல்லாம் வைத்து விலை கேட்கிறார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் க்ளிக் விழுந்தால்தான் காசு. 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் காட்டப்படுவதற்கே காசு என்ற கணக்குக்கு ஆட்சென்ஸ் மாறிவிட்டது. கூகுளின் சொந்த விளம்பரச் சேவை வழியாக வரும் பணமாக இருந்தால், விளம்பரதாரர் கொடுக்கும் 100 ரூபாயில் ஏறத்தாழ 68 ரூபாய் நமக்கு வரும்.

ஆக, போர்வெல் மோட்டார் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு விவசாயி வந்து படிக்கும் பக்கத்துக்கு நல்ல ஏலம் நடக்கும். அதே விவசாயி பொழுதுபோக்காக சினிமாச் செய்தி படிக்கும் பக்கத்துக்கு அந்த விலை கிடைக்காது. ஆள் ஒருவர்தான், மனநிலை வேறு. ஏதோ ஒன்றை வாங்கவோ சரிசெய்யவோ முடிவெடுக்கவோ போகிறவரின் கேள்விக்குப் பதில் எழுதினால் குறைந்த வாசகர்களை வைத்தே வீட்டை ஓட்டலாம். நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டவற்றில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வீட்டுச் செலவிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு வருகிறது என்பதை ஆர்.பி.எம். என்று ஆட்சென்ஸ் காட்டும். வந்த பணத்தைப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் அதுதான். வேறு எந்த எண்ணையும் விட இதைப் பாருங்கள்.

மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர்.பி.எம். 60 ரூபாய் என்றால், மாதத்துக்குச் சுமார் 4.17 லட்சம் பார்வைகள் வேண்டும், அதாவது ஒரு நாளைக்குப் பதினாலாயிரத்துக்குப் பக்கம். 150 ரூபாய் என்றால் 1.67 லட்சம் போதும், நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. இவை உங்களுக்கு வரப்போகும் எண்கள் அல்ல, கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காகச் சொன்னவை. மூன்று மாதம் விளம்பரம் ஓடியபின் உங்கள் சொந்த எண் தெரிந்துவிடும். அதை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விலை ஆங்கிலப் பக்கங்களைவிடக் குறைவு, இதை மறைக்க வேண்டியதில்லை. லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுத் தமிழர்கள் தேடிவரும் பொருள்களில் எழுதினால் விலை கூடும், அங்கே விளம்பரதாரர்கள் கொடுக்கும் தொகை அதிகம். எனக்கு அந்த வாய்ப்பு குறைவு. டொராண்டோவில் யாரும் போர்வெல் மோட்டார் தேடுவதில்லை.

முதல் வருடம் வேலையை விடாதீர்கள். கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் நான் இரண்டரை வருடம் ராத்திரியில் எழுதினேன். ஆறு மாதம் தொடர்ந்து வீட்டுச் செலவுக்கு வந்த பிறகுதான் முதலாளியிடம் சொன்னேன்.

எதைப் பற்றி எழுதுவது

"எனக்குப் பிடித்ததை எழுதலாமா, காசு வருவதை எழுதலாமா?" என்று கேட்கிறார்கள். உங்களிடம் மற்றவர்கள் வந்து கேட்பது எது என்று யோசியுங்கள், பதில் அங்கே இருக்கிறது. சொந்தக்காரர்கள் உங்களுக்கு ஃபோன் செய்தால் என்ன சந்தேகம் கேட்கிறார்கள்? பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆவணம் எழுதுபவர் என்றால் பட்டா மாறுதலும் வில்லங்கச் சான்றும். தையல்காரர் என்றால் மெஷினில் நூல் அறுவது, பிளவுஸ் அளவு. கறவை மாடு வைத்திருப்பவர் என்றால் மடிநோய், தீவனம், காப்பீடு.

உடல்நலம், கடன், முதலீடு ஆகியவற்றில் விளம்பர விலை அதிகம் என்று கேள்விப்பட்டு அங்கே ஓட வேண்டாம். தவறான ஒரு வரி இன்னொருவரின் உயிரையோ சேமிப்பையோ பாதிக்கும். கூகுளும் இந்த விஷயங்களில் எழுதுபவரின் தகுதியைக் கூடுதலாகப் பார்க்கிறது. நீங்கள் அந்தத் துறையில் வேலை பார்த்தவர் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

பொருளை முடிவு செய்ததும் ஒரு நோட்டில் ஐம்பது கேள்விகளை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பொருள் உங்களுக்கானது இல்லை. நான் எழுதியபோது எழுபதைத் தாண்டியது. "ஒன்றரை எச்.பி. மோட்டார் எத்தனை அடி வரைக்கும் இழுக்கும்" என்பது அதில் ஏழாவது. இன்றுவரை என் முதல் மூன்று பக்கங்களில் அது ஒன்று.

பிளாகரா, வேர்ட்பிரஸா

இரண்டும் வலைப்பதிவு நடத்த உதவும் தளங்கள். காசு இல்லையென்றால் பிளாகரில் தொடங்குங்கள். கூகுளுடையது, இடத்துக்கு வாடகை கிடையாது, ஒரே நாளில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்கும். சொந்த டொமைன், அதாவது உங்கள் தளத்துக்கான இணைய முகவரிப் பெயர், அதை மட்டும் வாங்கி இணைத்துவிடுங்கள், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் நாளைக்கு வேர்ட்பிரஸுக்கு மாறினாலும் முகவரி மாறாது. வேர்ட்பிரஸில் வசதிகள் நிறைய, ஆனால் ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கு, வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், அப்டேட், பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. நான் இரண்டாம் வருடம் மாறினேன்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பிளாகரில் தலைப்பைத் தமிழில் மட்டும் கொடுத்தால், முகவரியில் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு "பிளாக் போஸ்ட்" என்றும் அதன் பின்னால் ஒரு எண்ணும் போட்டுக்கொள்ளும். வேர்ட்பிரஸில் தமிழ் முகவரியே வரும், ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாக அரை முழம் நீளும். இரண்டிலும் வெளியிடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களில் சிறிய முகவரியாக நீங்களே எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் உடையலாம்.

எழுதுவது எப்படி

என் தொழிலில் கைக்கு முதலில் வருவது டாங் டெஸ்டர். மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று ஒயரைச் சுற்றி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். எழுதும்போதும் அந்தப் பழக்கம்தான் எனக்கு உதவுகிறது. வாசகர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டார் ட்ரிப் ஆகிறவர் தோட்டத்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஃபோனைப் பிடித்துப் படிக்கிறார். வெயிலில் திரை சரியாகத் தெரியாது. "நீரின்றி அமையாது உலகு" என்று நான் தொடங்கினால் அவர் மூடிவிட்டுப் போய்விடுவார். என் பக்கத்தின் முதல் பத்தி இது: "மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பேனலைத் திறங்கள். உள்ளே உருளையாக இருக்கும் கெப்பாசிட்டர் உப்பியோ, எண்ணெய் கசிந்தோ இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவில் புதியது மாற்றுங்கள். நன்றாக இருந்தால் அடுத்து வோல்டேஜைப் பாருங்கள்." பதில் முதலில். விளக்கம், படம், விதிவிலக்கு எல்லாம் அதற்குக் கீழே. அவசரக்காரர் முதல் பத்தியோடு போவார், போகட்டும். இன்னொரு நாள் தேடி வருவார். புதுப் பேனல் வாங்க வேண்டியிருப்பவர் கீழே வரை படிப்பார்.

தேடுபவர்களின் மொழியைப் பிடியுங்கள். நீர்மூழ்கி மின்னோடி என்று யாரும் தேடுவதில்லை. "போர் மோட்டார்", "சப்மெர்சிபிள்", "கம்ப்ரசர்" என்றுதான் சொல்வார்கள். பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், பலர் மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். பேசும்போது முழு வாக்கியமாகக் கேட்பார்கள்: "மோட்டார் ஓடுது தண்ணி வரல". அந்த வாக்கியத்தையே நான் துணைத்தலைப்பாக வைத்திருக்கிறேன். கட்டுரை நல்ல தமிழில் இருக்கட்டும், வாசல் அவர்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும்.

படங்களை நீங்களே எடுங்கள். இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஒட்டினால் உரிமைச் சிக்கல் வரும், அதைவிட, படிப்பவருக்கு நம்பிக்கை வராது. கெப்பாசிட்டர் உப்பிய படத்தை நான் ஒரு வாடிக்கையாளரின் தோட்டத்தில் டார்ச் வெளிச்சத்தில் எடுத்தேன். பார்க்க அழகாக இல்லை. ஆனால் "எங்க வீட்லயும் இதே மாதிரிதான் இருக்குது" என்று இருபது பேராவது எழுதியிருக்கிறார்கள்.

இயந்திரத்திடம் நூறு கட்டுரை எழுதச் சொல்லி அப்படியே போடும் ஆசையும் பலருக்கு இருக்கிறது. தேடலில் இடம்பிடிக்க மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சிலிருந்து வெளிப்படையாகவே விதிமீறலாக வைத்திருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கவோ தலைப்பு யோசிக்கவோ உதவி வாங்குங்கள், தப்பில்லை. டார்ச் பிடித்துப் பார்த்தது நீங்களாக இருக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு போதும். ஒரு வருடத்தில் நூறு வந்துவிடும்.

ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிப்பது

இத்தனை பதிவு இருந்தால்தான் அனுமதி என்று விதி எதுவும் கிடையாது. இருபது முப்பது நல்ல பக்கங்கள் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு, இது என் அனுபவம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். உங்களைப் பற்றிய பக்கம், தொடர்பு கொள்ளும் வழி, தனியுரிமைக் கொள்கை மூன்றும் இருக்கட்டும். விளம்பரங்கள் வாசகரின் கருவியில் குக்கீ என்ற சின்ன அடையாளக் கோப்பை வைக்கின்றன என்பதைத் தனியுரிமைப் பக்கத்தில் சொல்வது கட்டாயம்.

ஒருவருக்கு ஒரு கணக்குதான். பெயரை வங்கிக் கணக்கில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதால் பணம் திரும்பிப் போன கதைகள் நிறைய. முகவரியில் கதவு எண், தெரு, தபால் அலுவலகம், பின்கோடு எல்லாம் சரியாக இருக்க வேண்டும், ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

ஆட்சென்ஸ் தருகிற நிரல் (கோட்) வரியைத் தளத்தில் சேர்த்துவிட்டால் சரிபார்ப்பு தொடங்கும். சில நாள்களில் முடியலாம், இரண்டு முதல் நான்கு வாரமும் ஆகலாம். "உள்ளடக்கம் போதாது" என்று மறுத்தால் உடனே மறுபடி அனுப்பாமல், மெலிந்த பக்கங்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒன்றாக்கி, காலியான வகைப் பக்கங்களை எடுத்துவிட்டு அனுப்புங்கள். எனக்கு முதல் முறை மறுத்தார்கள். ஒன்பது சின்னப் பதிவுகளை மூன்றாக்கி அனுப்பியபோது கிடைத்தது.

அனுமதி கிடைத்ததும், உங்கள் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு உரிமை என்று சொல்லும் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற சின்னக் கோப்பைப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு வரிதான், ஆட்சென்ஸே கொடுக்கும். ஐரோப்பா, பிரிட்டன் வாசகர்கள் இருந்தால் அவர்களிடம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பும் வேண்டும், 2024 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். அதற்கும் ஆட்சென்ஸிலேயே வசதி இருக்கிறது.

விளம்பரத்தை எங்கே வைப்பது

முதல் பத்தியில் பதிலைச் சொல்லிவிடுங்கள், அதன் பிறகு ஒரு விளம்பரம். நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. கைபேசித் திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை ஒன்று. எனக்கு இவ்வளவுதான். தானியங்கி விளம்பரத்தைப் போட்டால் கூகுளே இடம் தேர்ந்தெடுக்கும், தொடக்கத்தில் அதுவே போதும். ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் அளவுகோலைப் பாதிக்குக் கீழே வையுங்கள். முழுவதும் ஏற்றி வைத்த ஒரு மாதத்தில் எனக்கு வருமானம் கொஞ்சம் ஏறியது, அடுத்த இரண்டு மாதத்தில் திரும்பி வரும் வாசகர்கள் குறைந்தார்கள்.

மெனுவுக்கோ "அடுத்த பக்கம்" பொத்தானுக்கோ ஒட்டி வைக்காதீர்கள், தவறிப்போய் விரல் பட்டுவிடும். விளம்பரத்துக்கு மேல் "விளம்பரம்" என்று மட்டும் எழுதலாம், "இதையும் பாருங்கள்" என்று எழுதினால் விதிமீறல். விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளாமலிருக்க, அதற்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

சூதாட்டம், ஜோதிடம், எடைக்குறைப்பு என்று உங்கள் வாசகருக்கு ஒவ்வாத வகைகளைத் தடுக்கும் வசதி ஆட்சென்ஸில் இருக்கிறது. நான் அவற்றைத் தடுத்திருக்கிறேன். சில நூறு ரூபாய் குறையும். தோட்டத்துப் பிள்ளைகள் அப்பாவின் ஃபோனை வாங்கிப் பார்க்கிறார்கள், எனக்கு அது போதும் காரணமாக.

பின் நம்பர், வங்கி, வரி

வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரி சரிதானா என்று பார்ப்பதற்காக, உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும். சாதாரணத் தபால், மடித்து ஒட்டிய சின்னக் காகிதம், பதிவுத்தபால் கிடையாது. மின்சார பில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் ஊர்த் தபால்காரர் "தம்பி, நீ சொன்ன வெளியூர்க் கடுதாசி வந்துருச்சு" என்று தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். முதல் பின் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் உள்ளிட வேண்டும், தவறினால் விளம்பரம் நின்றுவிடும். வரவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம்.

பணம் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்பப்படும். ஆகஸ்ட் கணக்கு செப்டம்பர் தொடக்கத்தில் முடிவாகும், செப்டம்பர் 21 முதல் 26க்குள் அனுப்புவார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். எல்லாக் கிளைக்கும் அது இருக்காது, உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையில் கேட்டு வாங்குங்கள். எனக்கு முதல் பணம் வந்தபோது கிளையில் அது என்ன பணம் என்று தெரியாமல் பதினோரு நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் காரணக் குறியீடு ஒன்று வேண்டும், விளம்பரச் சேவைக்கு அது பி1007. அதை ஒரு தாளில் எழுதி, ஆட்சென்ஸ் ரசீதின் நகலோடு கொடுத்த பிறகு சிக்கல் வரவில்லை. பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் வங்கியிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் போட்டு வையுங்கள்.

இது வருமான வரிக்கு உட்பட்ட வருமானம். ஹோஸ்டிங், டொமைன், இணையக் கட்டணம், கேமரா எல்லாவற்றின் பில்லையும் வைத்திருங்கள், செலவாகக் காட்டலாம். வருட வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் பேச வேண்டும். அதற்கு முன்பேகூட ஒரு முறை போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கணக்கைப் பறிகொடுக்காமல் இருக்க

உங்கள் விளம்பரத்தை நீங்கள் தொடக்கூடாது. வீட்டில் உள்ளவர்களும் தொடக்கூடாது. "விளம்பரத்தை க்ளிக் செய்து ஆதரவு தாருங்கள்" என்று ஒரு வரிகூட எழுதக்கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் மாட்டிக்கொள்வது எப்படி என்றால், நல்ல மனதுள்ள சொந்தக்காரர்களால். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். மாமா ஒருவர் எனக்கு உதவி என்று நினைத்து உட்கார்ந்து வரிசையாக அழுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் என் கணக்கில் விளம்பர வரம்பு விழுந்தது, ஒரு மாதம் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடவில்லை. கணக்கே முடக்கப்பட்டிருந்தால் இன்னொன்று திறக்க முடியாது. காசுக்குப் பார்வையாளர்களை அனுப்புகிறோம் என்று சொல்பவர்களிடமும் போகாதீர்கள், அங்கே வருவது பெரும்பாலும் ஆளில்லாத நிரல்கள்.

வாசகர்களை வளர்ப்பது

முதல் நாளே கூகுளின் சர்ச் கன்சோல் என்ற சேவையில் தளத்தைப் பதிவு செய்துவிடுங்கள், இலவசம். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடம், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இந்த வேலைதான். எட்டாவது இடத்திலிருந்து பதினைந்தாவது இடம் வரை நிற்கும் பக்கங்களைத் தேடி எடுப்பேன். ஒரு முறை "மோட்டார் ஓடும்போது கரண்ட் பில் எவ்வளவு" என்ற தேடலில் என் பழைய பக்கம் ஒன்று பதினோராவது இடத்தில் நின்றது. அதில் பில் கணக்கே இல்லை, ஒரு வரி மட்டும் இருந்தது. ஒரு எச்.பி. என்பது 746 வாட், இத்தனை மணி நேரம் ஓடினால் இத்தனை யூனிட் என்று ஒரு அட்டவணை போட்டேன். இரண்டு மாதத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. புதிதாக ஒன்று எழுதும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

கூகுள் தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் 2024இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஒரு வரிப் பதில் தேடுபவர்கள் அங்கேயே திருப்தியாகிவிடுகிறார்கள், அதனால் அப்படிப்பட்ட பக்கங்களின் வரவு குறைகிறது. படம் பார்த்துச் செய்ய வேண்டியவை, விலை ஒப்பிட வேண்டியவை, அனுபவத்தில் மட்டும் தெரிந்தவை ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் உள்ளே வருகிறார்கள். நான் இப்போது எழுதுவதெல்லாம் அந்த வகைதான். கூடவே ஒரு வாட்ஸ்அப் சேனலும் வைத்திருக்கிறேன், தேடல் கைவிட்டாலும் வாசகர்கள் நேரடியாக வர ஒரு பாதை வேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். தீபாவளிக்கு முன்பு விளம்பரச் செலவு ஏறும், ஜனவரியில் இறங்கும். என் பொருளுக்கு மார்ச் முதல் மே வரை அறுவடை, தண்ணீர் கீழே போகும் மாதங்கள் அவை. கோடைக்கான பக்கங்களை நான் டிசம்பரிலேயே எழுதிவிடுகிறேன், தேடலில் இடம்பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகிறது.

கடைக்காரரிடம் நேரடியாக

ஆட்சென்ஸ் மட்டும் போதாது. ஒரே வாசல் அடைபட்டால் வீடு நின்றுவிடும். நம் பொருளில் தொழில் செய்பவர்களிடமே நேரடியாக இடத்தை விற்கலாம், நடுவில் யாருக்கும் பங்கு இல்லை.

முதலில் ஒரு பம்ப் டீலரிடம் போனேன். "தம்பி, பேப்பர்ல போட்டாலே யாரும் பாக்குறதில்லீங்க, இதுல யாரு பாப்பாங்க?" என்றார். நான் ஃபோனில் சர்ச் கன்சோலைத் திறந்து, "பொள்ளாச்சி போர் மோட்டார் விலை" என்று போன மாதம் தேடி என் பக்கத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டினேன். "இவங்க எல்லாரும் வாங்கப் போறவங்கங்ண்ணா. ஒரு மாசம் சும்மா போடறேன், உங்க நம்பருக்குக் கூப்பிட்டா எங்க பார்த்தீங்கன்னு மட்டும் கேட்டு எழுதி வைங்க" என்றேன். மாதக் கடைசியில் அவருடைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் பதினாலு கோடுகள் இருந்தன. அடுத்த மாதத்திலிருந்து காசு கொடுத்தார்.

நேரடி விளம்பரத்தில் விளம்பரம் என்று தெளிவாக எழுதுங்கள். இணைப்பில் "ஸ்பான்ஸர்டு" என்ற குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பு விற்றதாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை வாசகரிடம் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் வழிகாட்டுதல் 2023இல் வந்திருக்கிறது. நான் சோதித்துப் பார்க்காத மோட்டாரைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று டீலர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் அதனால் விலகிப் போனார்கள். மற்ற நான்கு பேர் வருடா வருடம் தொடர்கிறார்கள்.

புதுப்பிக்கும் பேச்சுக்கு அவர்களை பிப்ரவரி முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்துவிடுகிறேன். மார்ச் பிறந்துவிட்டால் கடையில் மோட்டார் இறக்கவும் ஏற்றவுமே ஆள் போதாது, நம்மிடம் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.